மாமாவின் அடக்கத்துக்கு நான் போட்ட லினக்ஸ்

புதிதாகச் சர்க்கரை வியாதி வந்தவர், புதிதாக யோகா கற்றுக்கொண்டவர், புதிதாக லினக்ஸ் போட்டவர், இந்த மூன்று பேரையும் கொஞ்ச காலத்துக்கு வீட்டுக்குள் விடக் கூடாது. முதல் ஆள் உங்கள் காபியைக் கெடுப்பார். இரண்டாவது ஆள் உங்கள் முதுகைக் கெடுப்பார். மூன்றாவது ஆள் உங்கள் கம்ப்யூட்டரில் கை வைப்பான். தொண்ணூறுகளின் கடைசியில், மேற்குத் தாம்பரத்தில் அந்த மூன்றாவது ஆளாக இருந்தது நான்தான்.

அப்போது குரோம்பேட்டையில் ஒரு மாடியில் இயங்கிய கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். (பாடம் என்றால், "இதுதான் மவுஸ், கடிக்காது, பயப்படாம புடிங்கக்கா.") தாம்பரம் ஸ்டேஷன் புத்தகக் கடையில் ஒருநாள் கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கினேன். அட்டையோடு ஒரு சிடி இலவசமாக வந்தது. அதில் இருந்ததுதான் லினக்ஸ். விண்டோஸ் செய்கிற வேலையை இது செய்யும். ஆனால் காசு கிடையாது. உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதையும் திறந்து காட்டிவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் மாற்றலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். சென்டரில் ஒரு ஓட்டை மிஷினில் போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடி, கடைசியில் ஒரு சின்னக் கட்டம் மினுக்மினுக்கென்று என்னைப் பார்த்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (ஃபேன் ஓடவில்லை, வேர்வையாகவும் இருக்கலாம்.)

நான் ஒட்டிக்கொண்டிருந்தது சுகுணா அக்கா வீட்டில். அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், மார்க்கெட் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஸ்டூல். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, எங்கள் சர்ச் சபையின் மாதப் பத்திரிகை எல்லாம் அங்கேதான் அடிப்பார். அரசாங்க வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையைப் போட்டதற்காக அவருடைய அப்பா ரொம்ப வருஷம் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "உம் புருஷன் சாப்பிட்டானான்னு கேளும்மா" என்று அக்கா மூலமாகவே பேச்சுவார்த்தை நடக்கும்.

அந்த அப்பாவைத்தான் நான் மாமா என்பேன். ஊரில் தமிழய்யா. ரிட்டயர் ஆகும்போது எச்.எம். வேட்டியில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சில் ஒரு பிசிறு இருக்காது. கரும்பலகையில் அவர் எழுதியதை அழிக்க மனசு வராமல் அடுத்த வகுப்பு வாத்தியார் வெளியே நிற்பார் என்று சொல்வார்கள்.

எழுபது தாண்டியதும் மாமா ஒரு முடிவு எடுத்தார். தன்னுடைய அடக்க ஆராதனைக்கான தாளைத் தானே தயார் பண்ணுவது என்று. எங்கள் ஜனங்களில் இது வழக்கம்தான். எந்தப் பாட்டு முதலில், எந்த வாசகம், யார் ஜெபம் என்று ஒரு தாள் அடித்துக் கொடுப்போம். ஆனால் செத்த பிறகு மற்றவர்கள் செய்வார்கள். மாமாவுக்கு மற்றவர்கள் மேல் நம்பிக்கை இல்லை.

"நீங்க பாட்டுக்குத் தப்பும் தவறுமா அடிப்பீங்க. பெட்டிக்குள்ளேருந்து எழுந்து வந்து திருத்தவா முடியும்?" என்றார்.

அதை அடித்துக்கொள்ள அவர் போனது மகனுடைய கடைக்கு. அதுதான் விஷயம். கடை திறந்த நாளிலிருந்து அந்தப் படியை மிதிக்காதவர், சிவப்புப் பேனாவோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அத்தான் டைப் அடிக்க, மாமா திருத்த, அத்தான் மறுபடி அடிக்க. அப்பாவும் பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அப்போதுதான்.

"மூணாவது பாட்டை எடுத்துடு. நம்ம சபையில எவனும் அதைச் சுதியில பாட மாட்டான்."

"எடுத்துட்டேன்பா."

"உனக்கும்தான் சொல்றேன். நீ அன்னிக்கு வாயைத் திறக்காதே."

(அத்தானுக்குச் சுதி பிறவியிலேயே கிடையாது. சின்ன வயதில் அவரைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தியதே மாமாதான்.)

மாதத்துக்கு ஒரு தடவை மாமா வருவார். ஒரு கமாவை எடுப்பார், ஒரு பாட்டை மாற்றுவார், பழைய தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "இப்ப சரி. கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும்" என்று டீ குடித்துவிட்டுப் போவார். சாவதற்கு ஒருவர் இவ்வளவு சந்தோஷமாகத் தயாரானதை நான் பார்த்ததில்லை. அத்தானும் கடையில் விசிலடிக்க ஆரம்பித்திருந்தார். (அதுவும் சுதியில் இல்லை.)

இந்த நேரத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

பல்லாவரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் ரெய்டு என்று பேச்சு. திருட்டு சாஃப்ட்வேர் வைத்திருந்தானாம், மிஷினையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். உண்மையோ பொய்யோ, எனக்கு அது போதும்.

"அத்தான், உங்க விண்டோஸ், பேஜ்மேக்கர், தமிழ் ஃபான்ட், எல்லாமே திருட்டு."

"எது திருட்டு? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில காசு குடுத்துத்தான்டா சிடி வாங்குனேன்."

"சந்தையில வித்தா?"

"கத்திரிக்காயும் அங்கதான் வாங்குறேன். அதுவும் திருட்டா?"

"கத்திரிக்காயைக் காப்பி அடிக்க முடியாது அத்தான். போன மாசம் சபைப் பத்திரிகையில முதல் பக்கம் என்ன போட்டீங்க? 'உண்மையாய் உழைப்போம்'. அதை எதுல அடிச்சீங்க?"

அத்தான் முகம் செத்துப்போயிற்று. சபைக் கமிட்டியில் செக்ரட்டரி அவர். அடிக்கக் கூடாத இடத்தில் அடித்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் ரொம்பப் பெருமையாக இருந்தது.

"ஒரிஜினல் வாங்கணும்னா கடையை வித்தாத்தான்டா முடியும்" என்றார் மெதுவாக.

"எதுக்கு வாங்கணும்? லினக்ஸ் இருக்கு. ஓசி. நேர்மையான ஓசி."

"தமிழ் வருமா?"

"வரவச்சுடலாம்."

இந்த ஒரு வார்த்தைக்காகவே என்னைத் தாம்பரம் சப்வேயில் கட்டிப்போட்டு மழைக்காலம் முழுக்க விட்டிருக்கலாம்.

அத்தான் சபையோடு மூன்று நாள் கூட்டத்துக்கு வெளியூர் போனார். போகும்போது, "சாமு, ஃபைலெல்லாம் பத்திரம்" என்றார். நான் பொறுப்பானவன். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, சபைப் பத்திரிகை எல்லாவற்றையும் ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாகக் காப்பி எடுத்தேன். மேலே லேபிள்கூட ஒட்டினேன். அப்புறம் சிடியைப் போட்டேன். முழு டிஸ்கையும் அழித்துவிடவா என்று இங்கிலீஷில் கேட்டது. அழி என்றேன். மறுபடியும், நிஜமாகவா என்று கேட்டது. என்னைப் போய்ச் சந்தேகப்படுகிறதே என்று கோபம் வந்தது. அழி என்றேன்.

அத்தான் திரும்பி வந்ததும், அந்தச் சந்தை சிடியை அவர் கண் முன்னாலேயே இரண்டாக உடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். "இன்னையிலேருந்து உங்க கடை சுத்தம் அத்தான்." அத்தான் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபமே செய்தார்.

கடை நிஜமாகவே சுத்தமாயிற்று. ஒரு வாடிக்கையாளரும் வரவில்லை. ஏனென்றால் தமிழ் வரவில்லை. ஃப்ளாப்பியில் இருந்த கல்யாணப் பத்திரிகைகளைத் திறக்கிற சாமான் லினக்ஸில் இல்லை. வேறு வழியாகத் திறந்தால் மணமகன் இருந்த இடத்தில் டாலர் குறியும் கேள்விக்குறியும் நின்றன. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து லினக்ஸ்காரர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினேன்: தமிழுக்கு என்ன வழி? எங்கேயோ குளிர்தேசத்திலிருந்து ஒரு தமிழர் பதில் போட்டார். "சோர்ஸ் கோடு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது நண்பரே. நீங்களே எழுதிக்கொள்ளலாம்." மவுஸ் கடிக்காது என்று பாடம் நடத்துகிற என்னிடம் இப்படிச் சொன்னார்.

"இன்னும் ஒரு வாரம் அத்தான்" என்றேன். அத்தான் தலையாட்டினார். விசிலை நிறுத்தியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாமா எழுந்திருக்கவில்லை. அக்கா காபி கொண்டுபோய், கூப்பிட்டு, டம்ளரைக் கீழே போட்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று.

அத்தான் அழவில்லை. அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு யார் எதைக் கேட்டாலும் "சரி, சரி" என்றார். பெட்டியா, சரி. ஐஸா, சரி. பந்தலா, சரி. என்னை மட்டும் கையைப் பிடித்து இழுத்தார்.

"சாமு, மத்ததெல்லாம் யார் வேணா செய்யட்டும். அப்பா தாள் மட்டும் நாமதான் எடுக்கணும். அவர் திருத்துன மாதிரியே, ஒரு புள்ளி மாறக் கூடாது. தேதி மட்டும் சேர்த்தாப் போதும்."

"காலையில எடுத்துடலாம் அத்தான்" என்றேன். ஃப்ளாப்பியில் இருக்கும், வேறு கடையில் கொடுத்து எடுத்துவிடலாம் என்று நிஜமாகவே நம்பினேன். எஸ்.டி.டி. பூத்துக்கும் ஐஸ் கடைக்கும் ஓடிக்கொண்டிருந்ததில் அன்றே போய்ப் பார்க்கவும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா ஃப்ளாப்பியையும் கடை மேஜையில் பரப்பினேன். மாமாவின் தாள் எதிலும் இல்லை. அக்காவிடம் ஓடிவந்து காதோடு கேட்டேன்.

"அதுவா? கல்யாணப் பத்திரிகைங்களோட சாவுத் தாளை வைக்கக் கூடாதுன்னு நான்தான் தனியா வைக்கச் சொன்னேன். சீட்டாட்டம் ஒரு போல்டர் இருக்குமே, கேம்ஸ்னு, அதுக்குள்ள. யாரு பாக்கப் போறான்னு."

யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கடை மிஷினில் சீட்டாட்டமா என்று, காப்பி எடுக்காமல் விட்ட ஒரே போல்டர் அதுதான்.

"ஏன்டா? இருக்குல்ல?" என்றாள் அக்கா.

"இருக்கு, இருக்கு."

இருக்கு என்று ஏன் சொன்னேன் என்று இதுவரை எனக்குத் தெரியாது. உள்ளே போதகர் அத்தானின் தோளில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அத்தான் சொல்வது கேட்டது: "தாள் ரெடியா இருக்கு பாஸ்டர். அப்பாவே எல்லாம் பாத்துட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்திலும் சரி, குரோம்பேட்டையிலும் சரி, டி.டி.பி. கடைகள் எல்லாம் ஷட்டர். வேறொரு சந்தை சிடி வாங்கலாம் என்றால் அடுத்த வெள்ளிக்கிழமைதான். கையால் எழுதிக் கொடுத்திருக்கலாம். அதுதான் புத்தியுள்ளவன் செய்வது. ஆனால் லினக்ஸ் போட்டவனுக்குக் கையால் எழுதுவது என்றால் தோற்றுப்போவது.

மாமா திருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் பாட்டுகளின் வரிசை ஓரளவு ஞாபகம் இருந்தது. பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தமிழ் வராத மிஷினில், தமிழ்ப் பாட்டுகளை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். வேர்த்து ஊற்றியது. பிரிண்ட் கொடுத்தேன்.

லினக்ஸில் இதுவரை நான் பிரிண்டே எடுத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முதல் வரி இடது ஓரத்தில் சரியாக விழுந்தது. இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்குக் கீழே ஆரம்பித்தது. மூன்றாவது, இரண்டாவது முடிந்த இடத்துக்குக் கீழே. நான்காவது வரி காகிதத்தை விட்டு வெளியே போய்விட்டது. அதற்கப்புறம் பாட்டே இல்லை, வெள்ளை. மறுபடி கொடுத்தேன். மறுபடி படிக்கட்டு. வரிகளைச் சின்னச் சின்னதாக வெட்டினேன். படிகள் சின்னதாயின, அவ்வளவுதான். பாட்டுக்கு ஒன்றாகத் தனித்தனியே எடுத்து, வெட்டி ஒட்டியதில், மத்தியானம் தாண்டியபோது என்னிடம் இருந்தது குறுக்கே சரிந்து ஓடுகிற எழுத்துகளோடு ஒரே ஒரு தாள். ஒவ்வொரு பாட்டிலும் ஆரம்பம் மட்டும் தெரியும்.

ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை மட்டும் திறந்திருந்தது. கடைக்காரர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, படிக்கட்டு மாரி எறங்கிகினு போவுது?"

"அப்படியே போடுங்கண்ணா."

"டிசைனா?"

"டிசைன்தான்."

"நல்லா கீது" என்று நூற்றைம்பது காப்பி போட்டுக் கொடுத்தார். என் வாழ்க்கையில் அந்தத் தாளைப் பாராட்டிய ஒரே மனிதர்.

பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. மாமாவிடம் படித்தவர்கள், படித்தவர்களின் பிள்ளைகள். நான் தலையைக் குனிந்துகொண்டு தாளைக் கொடுத்துக்கொண்டே போனேன். முதல் வரிசையில் இருந்த ஒரு வயசான அம்மா கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இங்கிலீஷ் ஆராதனையா?"

"தமிழ்தான்மா. எழுத்து மட்டும்..."

"சார் தமிழ் வாத்தியாராச்சே?"

சத்தமாகத்தான் கேட்டார். பந்தலே கேட்டது. தமிழய்யாவின் அடக்கத் தாளில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. பின்னால் ஒருவர் தாளைக் குறுக்காகச் சாய்த்து, அப்புறம் தலையைச் சாய்த்து, அப்புறம் இரண்டையும் சாய்த்துப் பார்த்தார்.

அத்தான் கையில் கடைசியாகத்தான் கொடுத்தேன். அவர் பார்த்தார். மடிக்கவில்லை, கசக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்பாவோடது எங்கடா?"

நான் கையில் மிச்சமிருந்த தாள்களை அடுக்கினேன். அதற்குள் போதகர் எழுந்து முதல் பாட்டு என்றார்.

முதல் அடி, அதாவது முதல் சரணம், எல்லாருக்கும் மனப்பாடம். கணீரென்று வந்தது. இரண்டாவது அடியில் தாளைப் பார்த்தார்கள். தாளில் அது இல்லை. சிலர் மூன்றாவது அடிக்குத் தாவினார்கள், சிலர் முதலடியையே திரும்பப் பாடினார்கள், ஒருவர் வேறு பாட்டுக்கே போய்விட்டார். குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு சாவு வீட்டில் பாட்டு பாதியில் நிற்கிறபோது வருகிற அமைதி இருக்கிறதே, அது வேறு. மேலே ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று போனது. அது போய் முடிந்த பிறகும் அமைதியாகவே இருந்தது. போதகர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

அப்போது அத்தான் பாட ஆரம்பித்தார்.

அவருக்குத்தான் தாளே வேண்டாமே. எத்தனை தடவை அடித்திருப்பார்! இரண்டாவது அடி, மூன்றாவது அடி, கடைசி அடி, எல்லாம் தெரியும். சுதி மட்டும்தான் தெரியாது. தெரியாத சுதியில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உரக்கப் பாடினார். அன்னிக்கு வாயைத் திறக்காதே என்று சொன்னவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். கூட்டம் அவரோடு சேர்ந்துகொள்ளப் பார்த்தது, முடியவில்லை. எந்தக் குரலோடு சேருவது? ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு. அதையும் தனியாகவே பாடினார். பாடிக்கொண்டே அழுதார், அதில் சுதி இன்னும் போயிற்று. மாமா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சிவப்புப் பேனாவோடு எழுந்து உட்கார்ந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்தால் தேவலை என்றும் இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பி வந்த பிறகு அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டாட்டம் போல்டர் வரைக்கும். திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். "சரி" என்றார். பெட்டிக்காரனிடமும் பந்தல்காரனிடமும் சொன்ன அதே "சரி". அப்புறம் பல மாதம் அவர் என்னோடு பேசவில்லை. "உன் தம்பி சாப்பிட்டானான்னு கேளு" என்று அக்கா மூலமாகத்தான். அந்த வீட்டில் அது பழக்கமான ஏற்பாடுதான்.

படிக்கட்டைப் பற்றி மின்னஞ்சல் குழுவுக்கு எழுதியிருந்தேன், அடுத்த வாரம் பதில் வந்தது. படிக்கட்டு மாதிரி பிரிண்ட் ஆவது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம். ஒரே ஒரு வரி மாற்றினால் போதுமாம். இதைக்கூடப் படித்துப் பார்க்காமல் கேட்கலாமா என்று கடைசியில் ஒரு கண்டிப்பு வேறு.

அத்தான் மறுபடி சந்தைக்குப் போகவில்லை. மவுண்ட் ரோடுக்குப் போய் ஒரிஜினல் விண்டோஸ் கேட்டிருக்கிறார். கடைக்காரர், "ஒரிஜினலா? எதுக்கு சார்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டாராம். தவணையில் வாங்கி வந்து, காலி டப்பாவைக் கடைச் சுவரில் மாட்டினார். தாம்பரத்திலேயே அது ஒன்றுதான் ஒரிஜினல் என்று இன்றைக்கும் நம்புகிறேன். தவணை கட்டி முடிப்பதற்குள் அடுத்த விண்டோஸ் வந்துவிட்டது.

பேச ஆரம்பித்ததற்குக் காரணம் அக்காதான். ஒரு கிறிஸ்மஸ் மத்தியானம் பிரியாணி பரிமாறிக்கொண்டே, வந்திருந்த சொந்தக்காரர்களிடம், "எங்க மாமாவை மேல அனுப்புறதுக்கு எந்தம்பி படிக்கட்டே கட்டிக் குடுத்தான் தெரியுமா?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்க்காமல் அத்தானைப் பார்த்தார்கள். அத்தான் எலும்பைக் கடித்தபடி, "பாதிப் படிதான் கட்டுனான்" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு விசேஷத்திலும் அக்கா அதைச் சொல்லாமல் விட்டதில்லை. என் கல்யாண மேடையில், என் மாமியாரிடம்கூடச் சொன்னாள்.

இப்போது நான் நாவலூரில் ஒரு ஆபீஸில் இருக்கிறேன். எனக்குக் கீழே ஓடுகிற மிஷின்கள் எல்லாமே லினக்ஸ். தமிழும் நன்றாக வருகிறது. என்னைப் போலப் பிரசங்கம் செய்யாமல், உட்கார்ந்து வேலை செய்த யாரோ வரவைத்தார்கள். குடும்பத்தில் மட்டும் யாரும் என் கையில் ரிமோட்டைக்கூடத் தர மாட்டார்கள். கல்யாணமோ சாவோ, எனக்கு ஒரே வேலை, பந்தலில் நாற்காலி போடுவது.

போன வருஷம் சுகுணா அக்கா போய்விட்டாள்.

அன்றைக்குக் காலையிலிருந்து அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அப்பாவுக்கு உட்கார்ந்த மாதிரியே கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை "சரி"கூட இல்லை. போதகர் பேசிப் பார்த்தார், பிள்ளைகள் பேசிப் பார்த்தார்கள். அக்கா மகன் வாசலில் என்னிடம் வந்து போனை நீட்டினான்.

"மாமா, அம்மாவோட தாள் அனுப்பியிருக்காங்க, திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

நான் கையை நீட்டினேன். உள்ளேயிருந்து அத்தானின் குரல் வெடித்தது.

"டேய்! அவங்கிட்டக் குடுக்காதடா! அவனைப் போயி சேர் போடச் சொல்லு!"

வாசலில் நின்றவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் யாரோ சிரித்துவிட்டார்கள், அது அறை அறையாகப் பரவியது, அத்தானும் தோள் குலுங்க ஆரம்பித்தார், அது அப்படியே அழுகையாயிற்று. காலையிலிருந்து வராத அழுகை. பிள்ளைகள் அவரைக் கட்டிக்கொண்டார்கள்.

நான் போய் நாற்காலி போட்டேன். தேவைக்கு மேலேயே போட்டேன்.